கமடோர் 64-இல் ஒரு வணக்கம்

ஜூன் 7, 2025, சனி

பழைய பொருள் சந்தையில் பேசி வைத்திருந்த கமடோர் 64 இன்று மேசைக்கு வந்துவிட்டது. 1982-இல் வெளிவந்த வீட்டுக் கணினி. கூடவே கொடுத்த பழைய அடாப்டரை நான் செருகவே இல்லை. அதனுள் இருக்கும் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதானால், 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் கூடுதலாக ஏறி மெமரி சிப்புகளைக் கருக்கிவிடும். புது அடாப்டரை மாட்டினேன். நீலத் திரை வந்தது: 38911 பைட் காலி, ரெடி.

என் ஆசை இதுதான். லேப்டாப்பில் ரஸ்ட் மொழியில் நிரல் எழுதி, அதற்குள் ‘வணக்கம்’ என்று தமிழிலேயே தட்ட வேண்டும். அது ஒரு பைட்கூட மாறாமல் இந்தப் பெட்டிக்குள் போய்த் திரையில் தமிழாகவே தெரிய வேண்டும். லேப்டாப்பில் இதைப்போல நடிக்கும் எமுலேட்டரில் பார்த்தால் மனம் ஆறாது.

ஜூன் 9, திங்கள்

இங்கே ஜெர்மனியில் இன்று பெந்தகோஸ்து விடுமுறை. நாள் முழுக்க, நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரோடு போயிற்று.

இந்தப் பெட்டியின் மூளை 6502 குடும்பத்துச் சிப். அந்தக் குடும்பத்துக்காக, பல மொழிகளின் கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம்-ஐ விரித்து எழுதியிருக்கிறார்கள், பெயர் எல்எல்விஎம்-மாஸ். அதன்மேல் ரஸ்டின் ஒரு கிளையும் இருக்கிறது. மொழியோடு வரும் முழு ஸ்டாண்டர்ட் லைப்ரரி கிடையாது, அதன் அடிப்படைப் பகுதியான கோர் மட்டும்தான். எனக்கு அது போதும்.

இந்தச் சிப்பில் கணக்குப் போட, சிப்புக்குள்ளேயே எண்ணை வைத்திருக்கும் 8 பிட் ரிஜிஸ்டர்கள் மூன்றே மூன்று: ஏ, எக்ஸ், ஒய். ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை அடுக்கும் ஸ்டாக் 256 பைட். பெருக்கல் கட்டளையே இல்லை. இன்றைய கம்பைலர்களோ ரிஜிஸ்டர் தாராளமாக இருக்கும் என்று நம்பி வளர்ந்தவை. அதற்கு இவர்கள் கண்ட வழியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மெமரியின் முதல் 256 பைட்டை இந்தச் சிப் மற்ற இடங்களைவிட வேகமாக அணுகும். அங்கேயே கற்பனை ரிஜிஸ்டர்களை வைத்துவிட்டார்கள். அப்புறம் கம்பைலர் நிரல் முழுவதையும் ஒருசேரப் பார்த்து, தன்னையே திரும்ப அழைக்காத ஃபங்ஷன்களின் மாறிகளுக்கு நிலையான முகவரியே கொடுத்துவிடுகிறது. ஸ்டாக்கின் பாரம் பெருமளவு குறைகிறது. பழைய அசெம்பிளிக்காரர்கள் கையால் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

ஜூன் 14, சனி

இன்று எழுத்து வரைந்தேன், கட்டம் போட்ட தாளில், பென்சிலால்.

இயந்திரத்தின் சொந்த எழுத்துக்கு 8-க்கு 8 புள்ளி. ஆங்கிலம் அதில் அழகாக உட்காரும். மூன்று சுழி ண உட்காராது. ஒவ்வொரு சுழிக்கும் நடுவில் ஒரு வெற்றுப் புள்ளி, இரு பக்கமும் சுவர் வேண்டும். மூன்றாவது சுழி முடிவதற்குள் அகலம் தீர்ந்து, இறங்கும் கோட்டுக்கு இடமில்லை. ண எது, ன எது என்று தெரியாத தமிழ் எனக்கு வேண்டாம். 16-க்கு 16 என்று முடிவு செய்தேன். ஓர் எழுத்துக்கு 32 பைட். ஒவ்வொரு புள்ளியையும் தனியாக வரையும் பிட்மேப் முறையில் திரை 320-க்கு 200 புள்ளி, ஆகவே வரிக்கு 20 எழுத்து. தாராளம்.

ஜூன் 15, ஞாயிறு

‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் மெய்யின் புள்ளிக்கும் தனிக் குறியீடு என்பதால் ஏழு குறியீடு, அவற்றைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 21 பைட். யூடிஎஃப்-8 பிறந்தது 1992-இல், இந்தப் பெட்டிக்குப் பத்து வருடம் இளையது. கோர் லைப்ரரியே அதைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு குறியீடும் 32 பிட் எண். 8 பிட் சிப் அதை நான்கு துண்டாகச் சுமக்கிறது. சுமக்கட்டும்.

எஸ்டி கார்டில் ஏற்றி ரன் தட்டினேன். திரை பாதி அழிந்து அப்படியே நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. மெமரியில் நிரல் தொடங்குவது 2049-ஆம் முகவரியில், திரைப் புள்ளிகள் இருக்கும் பிட்மேப் 8192-இல். இடையில் இருப்பது 6143 பைட். என் நிரல் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டதால், திரையைத் துடைக்கும்போது தன்னையே துடைத்துக்கொண்டது.

பிட்மேப்பை 57344-க்கு மாற்றினேன். அங்கே கெர்னல் ரோம், அதாவது இயந்திரத்தின் அடிப்படை நிரல் பதிந்த, படிக்க மட்டும் முடிகிற மெமரி இருக்கிறது. ஆனால் எழுதினால், அதே முகவரியில் அதன் அடியில் இருக்கும், எழுதக்கூடிய ரேமுக்குப் போய்ச் சேரும். வீடியோ சிப் பார்ப்பதும் அந்த ரேமைத்தான்.

ஜூன் 21, சனி

வ, ண சரியாக வந்தன. புள்ளி வைத்த இடத்தில் மட்டும், க்-இன் தலையிலும் ம்-இன் தலையிலும் கிறுக்கல். மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, தலையில எறும்பு ஊருது” என்றாள்.

அந்த எறும்பு ரோம்தான். புள்ளி வைக்க, ஏற்கெனவே திரையில் இருப்பதைப் படித்து அதோடு சேர்த்து எழுதினேன். அந்த முகவரியில் எழுதினால் ரேம், படித்தால் ரோம். கெர்னலின் கட்டளைகளையே எடுத்து மெய்யெழுத்தின் தலையில் பூசியிருக்கிறேன். இப்போது எழுத்தையும் புள்ளியையும் தனியாக 32 பைட் இடத்தில் சேர்த்துவிட்டு, பிறகு ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

இரவு 11:40. வணக்கம். மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிகிறது. மகளை எழுப்பிக் காட்டினேன்.

அடுத்தது கெ, கே, கை. குறியீட்டில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் வரும், திரையில் முன்னால் நிற்க வேண்டும்.