எடை மெஷின் காட்டும் 13 எண்களில் எதை நம்புவது?

ஏறி நின்ற ஐந்தாறு விநாடியில் போனில் 13 எண்கள் வந்து விழுகின்றன. எடை, பிஎம்ஐ, கொழுப்பு சதவீதம், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு, விசரல் ஃபேட் (வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பு), தசை, எலும்பு, நீர்ச்சத்து, புரதம், பிஎம்ஆர் (சும்மா படுத்திருந்தாலே நாளுக்குச் செலவாகும் கலோரி), கடைசியில் 'மெட்டபாலிக் ஏஜ்' என்று ஒன்று. எனக்கு வயது 47. உடம்புக்கு 54 என்றது மெஷின்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 6.2 வந்ததால்தான் இதை வாங்கினேன். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, மாத்திரை இப்போது வேண்டாம், எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். வெறும் எடையாக இல்லாமல் கொழுப்பாகக் குறைய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். அது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, இப்போதெல்லாம் வீட்டு மெஷினிலேயே வருகிறதே என்றார். மகள் ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குள் ஒன்றைப் பார்த்து வாங்கி, ஆப்பில் என் உயரம் 156 செ.மீ., வயது, பெண் என்று எல்லாம் ஏற்றிக் கொடுத்தாள். முதல் அளவு: எடை 66.4 கிலோ, கொழுப்பு 37.6 சதவீதம், தசை 39.1 கிலோ, நீர்ச்சத்து 45.6 சதவீதம், எலும்பு 2.3 கிலோ, பிஎம்ஆர் 1265.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு கண்ணாடிப் பலகை என் எலும்பை எப்படி நிறுத்துப் பார்த்தது என்பதுதான் எனக்கு முதலில் வந்த சந்தேகம்.

நிறுக்கவே இல்லை. பலகையில் பாதம் படும் இடங்களில் உள்ள உலோகத் தகடுகள் வழியாக நமக்குத் தெரியாத அளவு சிறிய மின்னோட்டம் போகிறது. ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ். ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. தசையில் நீரும் உப்பும் அதிகம், கரண்ட் எளிதாகப் போகும். கொழுப்பில் நீர் குறைவு, தடுக்கும். அந்த மின்தடையை அளந்து, உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா என்பதோடு சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால் கொழுப்பு சதவீதம் வருகிறது. உயரத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுப்பது அந்தச் சூத்திரங்களின் அடிப்படை. மருத்துவ ஆய்வுக்கூடங்களில் 1960களிலிருந்தே வளர்ந்த முறை இது. ஏறி நின்றாலே கொழுப்பு காட்டும் மெஷினை ஜப்பானின் டனிட்டா நிறுவனம் 1992-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

அதாவது மெஷின் உண்மையில் அளப்பது இரண்டே இரண்டு: எடை, மின்தடை. மற்றதெல்லாம் கணக்கு. அந்தக் கணக்கையும் கால்குலேட்டர் வைத்துப் போட்டுப் பார்த்தேன். 66.4 கிலோவில் 37.6 சதவீதம் கொழுப்பு போனால் மீதி 41.43 கிலோ. கொழுப்பு நீங்கிய உடம்பில் சுமார் 73 சதவீதம் நீர் என்பது இந்தத் துறையில் பழகிய எண். கொழுப்பு போக மீதமுள்ள 62.4-ஐ 0.73-ஆல் பெருக்கினால் 45.6. ஆப் காட்டிய அதே எண். 41.43-லிருந்து எலும்பு 2.3-ஐக் கழித்தால் 39.1, அதுதான் 'தசை'. கட்ச்-மெக்கார்டில் என்று ஒரு சூத்திரம் உண்டு: 41.43-ஐ 21.6-ஆல் பெருக்கி 370-ஐக் கூட்டினால் 1265. பிஎம்ஆர்! எல்லா கம்பெனிக்கும் இதே சூத்திரம் என்று சொல்ல மாட்டேன், வேறு வேறு வைத்திருக்கிறார்கள், வெளியே சொல்வதும் இல்லை. என் மெஷினில் இப்படித்தான் இருந்தது. கொழுப்பு சதவீதம் ஒன்று பிசகினால் நீர், தசை, பிஎம்ஆர் எல்லாம் சேர்ந்து பிசகும். நீர்ச்சத்து குறைவு என்று ஆப் எச்சரித்ததைப் பார்த்து நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கும் ஸ்டாஃப் ரூம் தோழியிடம் இதைச் சொன்னேன். கொழுப்பு அதிகம் என்பதைத்தான் அது வேறு வாயால் சொல்கிறது.

தசை என்று போட்டிருப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கை கால் தசை மட்டுமல்ல அது. ஈரல், குடல், ரத்தம், உடம்பில் தேங்கிய நீர் எல்லாம் அதற்குள் அடக்கம். எலும்பு எண்ணும் அப்படித்தான், மற்ற அளவுகளிலிருந்து கணிப்பது. அதை வைத்து எலும்புத் தேய்மானம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யவே கூடாது.

அப்புறம் வயதை மாற்றிப் பார்த்தோம். மகள் ஆப்பில் இன்னொரு பெயர் போட்டு, அதே உயரம், வயது மட்டும் 27 என்று கொடுத்தாள். இறங்கி மறுபடி ஏறினேன். எடை அதே 66.4. கொழுப்பு 33-க்கு வந்துவிட்டது. ஆண் என்று மாற்றினால் இன்னும் சரசரவென்று இறங்கியது. விளையாட்டு வீரர் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைத் தட்டினால் மேலும் கொஞ்சம். இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஒரே எடை, ஒரே உயரம் என்றாலும் வயது ஏறினால் சராசரியாகக் கொழுப்பு கூடுதலாகவும், ஆணுக்குப் பெண்ணைவிடக் குறைவாகவும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் திரையில் வரும் எண்ணில் எவ்வளவு நம் உடம்பு, எவ்வளவு ஊர் சராசரி என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. மெஷின் வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கலாம், பிறகு மறக்காமல் சரியான வயதுக்குத் திரும்புங்கள்.

காலை, மாலை வித்தியாசம் இன்னும் வேடிக்கை. பகல் முழுவதும் கரும்பலகை முன் நின்று வீடு திரும்பும்போது எனக்குக் கணுக்கால் லேசாக வீங்கியிருக்கும். மாலையில் ஏறினால் எடை முக்கால் கிலோ கூடியிருக்கும், கொழுப்பு மட்டும் இரண்டு சதவீதம் வரை குறைந்திருக்கும். பகலில் பட்டினி கிடந்ததாலா? இல்லை. நாள் முழுக்க நின்றதில் காலில் நீர் இறங்கியிருக்கிறது. கரண்ட் போகும் பாதையே கால்தான். ஆப்பின் ஒரு மூலையில் மின்தடையை ஓம் கணக்கில் காட்டும் பக்கம் ஒன்று இருப்பதை மகள் கண்டுபிடித்தாள். காலையில் 561, அன்று மாலையே 528. தடை குறைந்தால் சூத்திரத்துக்கு அது தசை. கொழுப்பு தானாகக் குறைந்துவிடுகிறது.

இடுப்புக்கு மேலே என்ன இருக்கிறது என்று இந்த மாதிரி மெஷினுக்கு நேரடியாகத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். கரண்ட் அடிவயிற்றோடு திரும்பிவிடும். கீழ்வீட்டு மீட்டரைப் பார்த்து மாடிவீட்டுக்காரர் எவ்வளவு கரண்ட் எரித்தார் என்று சொல்வது மாதிரிதான். கையால் பிடிக்கும் கம்பியும் சேர்ந்த பெரிய மெஷின்கள் ஜிம்மிலும் டயட்டீஷியன் அறைகளிலும் இருக்கின்றன, அவை கையையும் நெஞ்சு, வயிற்றுப் பகுதியையும் அளக்கின்றன. பாதத்தகடு மட்டும் உள்ள வீட்டு மெஷின் 'விசரல் ஃபேட் 11' என்று சொல்லும்போது, அது என் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, சில கம்பெனி இதை 1 முதல் 59 வரை எண்ணுகிறது, சில 30 வரை. உங்கள் 11-ம் என் 11-ம் ஒன்றல்ல.

வயிற்றுக்கு இஞ்ச் டேப் போதும். நம்மவர்களுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. பிஎம்ஐயும் நமக்கு 23-லேயே அதிக எடை என்று ஆரம்பிக்கிறது, 25-ல் அல்ல. ஏன் இப்படி என்பதற்கு, 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு குட்டிக் கட்டுரையை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், இருவருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. ஸ்கேனில் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் என் தம்பிக்கு பிஎம்ஐ 22.5. மெஷின் பச்சை நிறத்தில் 'ஆரோக்கியம்' என்றது. சட்டையைத் தூக்கி டேப் வைத்தால் 94. சுகர் டெஸ்ட் எடுடா என்றால், "உன் மெஷினே நல்லா இருக்குன்னு சொல்லுதேக்கா" என்கிறான்.

எவ்வளவு தூரம் பிசகுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போய் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்ஸா எடுத்தேன். எலும்பு அடர்த்தி பார்க்கும் அதே மெஷின், முழு உடம்புக்கும் எடுக்கச் சொன்னால் கொழுப்பும் வரும். முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டு போவது நல்லது, எலும்பு மட்டும் எடுக்கிற இடங்கள்தான் அதிகம். படுத்திருந்தால் போதும், மார்பு எக்ஸ்ரேயைவிடக் கதிர்வீச்சு குறைவு. 41.8 சதவீதம் என்று வந்தது. அன்று காலை வீட்டு மெஷின் காட்டியது 37.4. டெக்ஸாவும் ஒரு கணிப்புதான், இருந்தாலும் இதைவிட எவ்வளவோ மேல். நாலு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றதும் மெஷினைப் பரணில் போட்டுவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொய் சொன்னாலும் தினமும் ஒரே அளவு பொய் சொன்னால் கணக்கு டீச்சருக்கு அது போதும்.

அந்த ஒரே அளவு வருவதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. காலையில் எழுந்து பாத்ரூம் போய்வந்த பிறகு, காபிக்கு முன்னால், குளிப்பதற்கும் முன்னால். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறிப் பாருங்கள், அந்த அரை கிலோவில் பெரும்பகுதியைக் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். தண்ணீர் வயிற்றில் இருக்கிறது, காலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தாலும், நடந்துவிட்டு வந்தாலும் தோல் சூடாகி எண் மாறும். எங்கள் வீடு பழைய மொசைக் தரை, ஹாலில் லேசான சாய்வு. பூஜை அறை வாசலில் சமமான ஓர் இடம் கண்டுபிடித்து சாக்பீஸால் குறி போட்டுவிட்டேன். பாய், மிதியடி மேல் வைத்தால் எடையே தப்பாகும்.

பித்த வெடிப்பு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழியில் என் குதிகால் காய்ந்து கிடந்தபோது எடை மட்டும் வந்து மற்றதெல்லாம் கோடு கோடாக நின்றது. பேட்டரி என்று நினைத்து மாற்றினாள் மகள். குதிகாலை ஈரத்துணியால் துடைத்து நின்றதும் வந்துவிட்டது. தோல் தடிப்பும் ஒரு தடைதான். மெட்டி, கொலுசைக் கழற்ற வேண்டுமா என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேட்கிறார்கள். கழற்றியும் போட்டும் பார்த்தேன், வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. சாக்ஸ் போட்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். மாமியாருக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது, அவர் இதில் ஏறவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம் என்று பெட்டியில் வரும் தாளிலேயே போட்டிருக்கிறார்கள். மாமியாருக்குப் பழைய முள் மெஷின் இருக்கிறது.

தினமும் ஏறுவேன். தினத்தின் எண்ணைப் பொருட்படுத்த மாட்டேன், வாரச் சராசரியை மட்டும் டைரியில் எழுதுவேன். ஞாயிறு பிரியாணி, திங்கள் காலை 1.2 கிலோ கூடுதல் என்றால் முன்பெல்லாம் அன்று சாப்பாடே இறங்காது. ஒரு கிலோ கொழுப்பு ஏற, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். அவ்வளவு பிரியாணி எந்தக் கடையிலும் ஒரு ஆள் சாப்பிட முடியாது. உப்பு நீரைப் பிடித்து வைக்கிறது, சோறு கிளைகோஜனாக (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தாக) தங்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் நீரையும் கூடவே வைத்துக்கொள்கிறது. புதன்கிழமைக்குள் போய்விடும். மாதவிலக்குக்கு முந்தைய வாரமும் இப்படித்தான், எடை ஏறும், மெஷின் அதைத் 'தசை' என்று கொண்டாடும். அந்த வாரச் சராசரியைப் போன மாதத்தின் அதே வாரத்தோடுதான் ஒப்பிடுகிறேன்.

டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் ஒன்றரை கிலோ குறைந்து, அதில் பாதிக்கு மேல் தசை போய்விட்டதாக ஆப் காட்டியது. சோற்றைப் பாதியாக்கியதும் வெளியேறிய நீர் அது. டயட்டீஷியனிடம் காட்டியபோது, அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் மாதக்கணக்கில் அந்த எண் இறங்கிக்கொண்டே போனால் பாருங்கள் என்றார். பிஎம்ஆர் 1265 என்றால் 1200 கலோரிதான் சாப்பிட வேண்டுமா என்று மகள் கேட்டதற்கு, "அது நீங்க சும்மா படுத்திருந்தாலே செலவாகிறது மேடம், சாப்பாட்டு அளவு இல்லை" என்று சிரித்தார். சுண்டல், முட்டை, தயிர் கூடியது. நடையோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்தது.

ஐப்பசியில் ஆரம்பித்தது. பங்குனியில் வாரச் சராசரி 61.9 கிலோ, கொழுப்பு 35.0 சதவீதம். குறைந்த நாலரை கிலோவில் மெஷின் கணக்குப்படி 3.3 கிலோ கொழுப்பு, மீதி 1.2 மற்றவை. அந்த 1.2-ல் தசை எவ்வளவு, நீர் எவ்வளவு என்று இந்த மெஷின் பிரித்துச் சொல்லாது. இடுப்பு 93-லிருந்து 87. எச்பிஏ1சி 5.8. டாக்டர் கடைசி இரண்டு எண்ணைத்தான் நோட்டில் எழுதினார், கொழுப்பு சதவீதத்தைப் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. எனக்கும் அந்த வரிசை சரியாகத்தான் படுகிறது.

ஆப்பில் வேண்டாத எண்களை மறைக்க வசதி இருக்கிறது. எடை, கொழுப்பு, தசை மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிட்டேன். இடுப்பளவை டைரியில் நானே எழுதுகிறேன். அடுத்த டெக்ஸா வருகிற ஐப்பசியில், அதே சென்டரில், முடிந்தால் அதே மெஷினில். டெக்ஸாவிலும் மெஷினுக்கு மெஷின் எண் மாறுமாம், அங்கிருந்த டெக்னீஷியனே சொன்னார்.