மூன்று மாத ஆயில் லீக், ஒரே ஒரு ஓ-ரிங்

நேற்று ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்த அட்டை காலையில் காய்ந்தே கிடந்தது. ஆயிலும் இல்லை, கூலண்டும் இல்லை. அதுவும் நேற்று மதியம் அடிவாரத்தில் கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கி வந்த பிறகு. மூன்று மாதமாகத் தினமும் காலையில் ஒரு கறையைப் பார்த்தே விடிந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

வண்டி 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 என்ஜின். சித்தப்பா இங்கிலாந்தில் இருந்து ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்தது. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக் கூடான பெல் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டும். ரிசர்வ் டேங்கில் கூலண்டும் வாராவாரம் இறங்கும். முதலில் காட்டிய மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்தார், "பின் பக்க மெயின் சீல் போச்சு சார்" என்றார். கிராங்க் தண்டு என்ஜினின் பின்னால் வெளியே வரும் இடத்தில் ஆயிலை அடைக்கும் ரப்பர் அது. இந்த வண்டியில் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் சேர்த்துப் பிடிக்கும் நீளமான அலுமினிய ஃப்ரேம் இருக்கிறது. அதைக் கழற்றாமல் கியர்பாக்ஸ் இறங்காது. இரண்டு நாள் வேலை, புது சீல், லேபர் எல்லாம் முடிந்து ஒரே வாரத்தில் அதே இடத்தில் அதே சொட்டு. கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் நானே இறங்கினேன். என்ஜினின் பின் பக்கத்தை டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, கழுவிக் காயவைத்து, என்ஜினின் மேல் பாகமான ஹெட்டின் பின்புறம் முழுக்க முகப்பவுடர் தூவினேன். 20 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் விரல் அகலத்துக்கு ஒரு ஈரக் கோடு. கேம் தண்டின் சுழற்சியைப் பார்த்துச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் ஹெட்டுக்குள் நுழையும் வாயில் தொடங்கி, நேர் கீழே இருக்கும் ஹீட்டர் ஹோஸ் மேல் விழுந்து, அங்கிருந்து பெல் ஹவுசிங்குக்கு வழிகிறது.

கூலண்ட் எங்கே போகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கூலண்ட் ஹோஸ் ரப்பர் கொதிநீரை வருடக்கணக்கில் தாங்கும். ஆயில் பட்டால் ஊதிப்போகும். அந்த ஹோஸை அழுத்தினேன், பழுத்த பப்பாளி போல அமுங்கியது. கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. மேலே அந்த சென்சார் வாயை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விட்டுவிட்டு ஹோஸை மட்டும் மாற்றியிருந்தால் புது ஹோஸும் இதே கதிக்குத்தான் வந்திருக்கும்.

சரி, அந்த சென்சார். ஒரே ஒரு போல்ட், 12 நம்பர். ஆனால் அது ஃபயர்வாலுக்கும் (என்ஜினுக்கும் கேபினுக்கும் இடையே உள்ள தகடு) ஹெட்டுக்கும் நடுவில், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது. நீள ஸ்பேனர் திரும்பாது. பெரிய ராட்செட் ஹோஸில் இடிக்கும். கடைசியில் குட்டை ராட்செட்டில் ஆழமில்லாத சாக்கெட்டை மாட்டி, இடது கையால் போல்ட் தலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு இரண்டு பல், மூன்று பல் என்று திருப்பித்தான் எடுத்தேன். முக்கால் மணி நேரம். எடுப்பதற்கு முன் சென்சார் உடம்புக்கும் ஹெட்டுக்கும் சேர்த்து ஒரு கீறல் போட்டு வையுங்கள். சென்சாரைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், மாறிவிடும்.

வெளியே வந்த ஓ-ரிங் ரப்பராகவே இல்லை. வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு சதுரமாகத் தட்டையாகி, வளைத்ததும் பிளாஸ்டிக் வளையல் போல 'டிக்' என்று ஒடிந்தது.

முதல் தடவை, கைவசம் இருந்த கலவை டப்பாவில் இருந்து கண்ணளவில் பொருந்திய ஒரு சாதாரண கறுப்பு ஓ-ரிங் போட்டேன். ஒன்பதாம் நாள் மறுபடி ஈரம். கனம் குறைவு, பள்ளத்தில் நசுங்கவே இல்லை. இரண்டாவது தடவை வெர்னியரில் பள்ளத்தின் அகலம், ஆழம், துளை விட்டம் மூன்றையும் எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சீல் கடைக்குப் போனேன். போர்வெல் ரிக் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் சீல் விற்பவர்கள். அளவைச் சொன்னதும் டப்பாவைத் திறந்து, சூடும் ஆயிலும் தாங்கும் விட்டான் ரப்பரில் எடுத்துக் கொடுத்தார் அந்த அண்ணன். 200 டிகிரி வரை தாங்கும் சரக்கு, விலை 60 ரூபாய். வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் கூரியரும் கஸ்டம்ஸும் சேர்ந்து பல மடங்கு ஆகியிருக்கும்.

ஓ-ரிங்கில் புது ஆயில் தடவி, லேசாகத் திருகித் திருகி உள்ளே தள்ள வேண்டும். நேராக அமுக்கினால் விளிம்பில் வெட்டுப்படும். சென்சாரின் நாக்கு நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி இருப்பதால் கேமில் ஒரே விதமாகத்தான் உட்காரும், பயப்பட வேண்டாம். கீறலுக்குக் கீறல் வைத்து முறுக்கிவிட்டு, டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்று எழுதிய இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்து டைமிங் லைட் அடித்தேன். 850 ஆர்பிஎம்மில் சரியாக 10 டிகிரி. அதோடு டேப்பட் கவர் பேக்கிங்கும் மாற்றினேன். அனபாண்ட் (பேக்கிங் பசை) மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு, சுற்றிலும் அப்பக் கூடாது.

ஹீட்டர் ஹோஸ் இரண்டும் புதுசு. கூலண்ட் கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். யாரோ எப்போதோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். சூட்டைப் பார்த்துக் கூலண்ட் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூட்டுக்குள் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் பொருக்கு. நம் ஊர் போர் தண்ணீர் குடத்தையே வெள்ளையாக்கும், அலுமினிய ஹெட் என்ன பாடுபடும்?

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலை கறுப்பு போய்ப் பழுப்பாகிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். அதை மாற்றுவதற்கு முன்பே மனசு வேறொன்றில் போய்விட்டது. இந்த என்ஜின் முதலில் குறுக்காக உட்காரும் வண்டிக்காகச் செய்தது. இதில் நீளவாக்கில் திருப்பி வைத்ததில் கூலண்ட் வெளியேறும் வழி முன்னாலேயே அமைந்துவிட்டது. பின்னால் இருக்கும் நாலாம் சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. தெர்மோஸ்டாட்டைப் பின்பக்கத்துக்கு மாற்ற அலுமினிய ஸ்பேசர் ஒன்று வேண்டும். அட்டையில் வெட்டிய மாதிரியை நேற்றே லேத் பட்டறையில் கொடுத்துவிட்டேன், பட்டறைக்காரர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.