வார்டு ஓட்டும் மழைநீர் வடிகாலும்

2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர், கையில் திணித்த நோட்டீஸில் முதல் வாக்குறுதியே ‘நீட் ரத்து’. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணே, கவுன்சிலரால் செய்யக்கூடியது குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி. இதில் ஏதாவது சொல்லுங்கள் என்றேன். "ஜெயிச்சு வந்ததும் எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவரை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. 2011-க்குப் பிறகு நடந்த முதல் மாநகராட்சித் தேர்தல் அது. 2016-ல் மன்றத்தின் காலம் முடிந்ததும் தனி அலுவலர்தான் நிர்வாகம். ஐந்து வருஷத்துக்கும் மேலாகக் கவுன்சிலரே இல்லாத ஊரில், கவுன்சிலரிடம் என்ன கேட்பது என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. 200 வார்டு இருந்தும், ஓட்டுப் போட வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. மேயரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியானால் கவுன்சிலர் ஓட்டு இன்னும் முக்கியம்தானே?

அடுத்த முறை வருபவர்களுக்காக ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். எங்கள் தெருமுனையில் வடிகாலின் சிமென்ட் மூடி உடைந்து, யாரோ நல்ல மனசுக்காரர் அதில் ஒரு வேப்பங்கிளையைச் செருகி வைத்திருக்கிறார். அந்த மூடியை எத்தனை நாளில் மாற்றுவீர்கள்? கிளை காய்ந்துவிட்டது, போன வாரம் வேறு கிளை வைத்தாகிவிட்டது.