எங்கே என்பதைவிட எப்போது

பிசியோதெரபி அறையில் ஒரு நாளில் அதிகம் காதில் விழும் சொல் ‘நரம்பு’. தூக்கத்தில் கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடித்தால் ‘நரம்பு இழுத்துக்கிச்சு’. கணுக்கால் மடங்கி வீங்கினால் ‘நரம்பு பிசகிடுச்சு’. புறங்கையில் இரத்தக்குழாய் புடைத்துத் தெரிந்தால் அதுவும் நரம்பு. குதிகாலுக்கு மேலே கயிறுபோல் தட்டுப்படும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் நரம்பு. உண்மையிலேயே நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போனவரோ ‘இரத்த ஓட்டம் சரியில்லை போல’ என்பார். ‘ஜவ்வு’ அதேபோல இன்னொன்று. முதுகுத்தட்டு, முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வளையம், எலும்பை எலும்போடு கட்டும் நார் மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

பேச்சுக்கு இது போதும். சிகிச்சைக்குப் போதாது. தசைக் காயம் என்றால் வாரக்கணக்கு, தசைநாண் என்றால் மாதக்கணக்கு, நரம்பு என்றால் மில்லிமீட்டர் கணக்கு. எது அடிபட்டிருக்கிறது என்று தெரியாமல் பயிற்சி சொல்லிக்கொடுப்பது வீண். அதைக் கண்டுபிடிக்க ‘எங்கே வலிக்கிறது?’ என்ற கேள்வி பாதி உதவிதான் செய்யும். கழுத்தில் அழுந்திய நரம்பின் வலி கையில் தெரியும்; இடுப்பு மூட்டுத் தேய்மானம் முழங்காலில் வலிக்கும். ‘எப்போது?’ என்று கேட்டால் கிடைக்கும் பதில் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை.

நடுராத்திரியில் கை மதமதத்து எழுப்பிவிடுகிறது, இரண்டு முறை உதறினால் சரியாகிறது என்று ஒருவர் சொன்னால், மணிக்கட்டுச் சுரங்கத்தில் நடு நரம்பு அழுந்துகிறது என்றுதான் முதலில் தோன்ற வேண்டும். அந்தச் சிறிய சுரங்கத்துக்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கி வைக்கிறோம், உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ‘எந்த விரல்?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘எல்லா விரலும்’ என்றுதான் பதில் வரும். அதை அப்படியே எழுதிக்கொள்ளக்கூடாது. ஒரு தாளில் கையின் படத்தை வரைந்து கொடுத்து, அடுத்த முறை மரத்துப்போகும்போது அந்த நேரத்திலேயே நிழலிட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். திரும்பி வரும் தாளில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி கறுத்திருக்கும். சுண்டுவிரல் வெள்ளையாக இருக்கும். கறுப்பு சுண்டுவிரல் பக்கம் இருந்தால் பிரச்சினை முழங்கையில் இருக்க வாய்ப்பு அதிகம். முழங்கையை மடக்கி நெடுநேரம் போன் பிடிப்பவர்கள், மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுபவர்கள் இந்த வகை. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கை மேட்டுத் தோலும் மரத்திருந்தால் மணிக்கட்டை விட்டு மேலே தேட வேண்டும். அந்தத் தோலுக்குப் போகும் கிளை சுரங்கத்துக்குள் நுழையாமல் வெளியிலேயே பிரிந்துவிடுகிறது.

மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதற்கு முதல் மருந்து இரவில் அணியும் மணிக்கட்டுப் பட்டை. இங்கேதான் ஒரு சின்னப் பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. கடையில் வாங்கும் பட்டைகள் பலவற்றில் உள்ளங்கைப் பக்கம் ஓர் அலுமினியத் தகடு இருக்கும். அது மணிக்கட்டை மேல்நோக்கி 20, 30 டிகிரி வளைத்து நிறுத்தும்படி வருகிறது. எலும்பு முறிவுக்குப் பிந்தைய ஓய்வுக்கு அது சரி, நரம்பழுத்தத்துக்குச் சரியில்லை. மேலே வளைத்தாலும் கீழே வளைத்தாலும் சுரங்கத்துக்குள் அழுத்தம் கூடும், நேராக இருக்கும்போதுதான் குறைவு. தகட்டை உருவி, மேசையில் வைத்து நிமிர்த்தி, மறுபடி செருகினால் வேலை முடிந்தது. பட்டையும் இறுக்கமாக இருக்கக்கூடாது, ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். குறைந்தது ஆறு வாரம் இரவுதோறும் போட வேண்டும். நாலு நாள் போட்டுவிட்டு ‘பலனில்லை’ என்று கழற்றி வைப்பவர்களில் பலருக்குத் தகடு வளைந்தேதான் இருந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கும், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கும், நீரிழிவுக்காரர்களுக்கும் இது அதிகம் வருவதால் அந்தப் பரிசோதனைகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் மேடு சப்பையாகிவிட்டது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, மரப்பு பகலிலும் விடவில்லை என்றால் பட்டையோடு காத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. அறுவை மருத்துவரிடம் அனுப்பத் தயங்கக்கூடாது.

ஏன் அவசரம் என்றால், இழை அறுபட்டுச் சிதைந்த நரம்பு திரும்ப வளரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. மாதத்துக்கு மூன்று செ.மீ. முழங்கையிலிருந்து கைக்குள் இருக்கும் சிறு தசை வரை 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பத்து மாதம். ஓராண்டுக்கு மேல் நரம்புத் தொடர்பே இல்லாமல் கிடந்த தசை, நரம்பு வந்து சேர்ந்தாலும் பழையபடி எழுவது அரிது. இழை அறுபடாமல் அழுந்தி மட்டும் இருந்தால் கதை வேறு. நாற்காலிச் சாய்மானத்தில் கையைத் தொங்கப்போட்டு அசந்து தூங்கியவர் எழுந்ததும் மணிக்கட்டு தொங்கிவிட்டதே என்று பதறி வருவார். மேற்கை எலும்பைச் சுற்றிப்போகும் நரம்பு அழுந்தியிருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் திரும்பிவிடும். அதுவரை மணிக்கட்டைத் தாங்கும் பட்டை வேண்டும், விரல் மூட்டுகள் இறுகாமல் தினமும் மடக்கி நீட்ட வேண்டும்.

காலிலும் இப்படி ஒன்று உண்டு. குந்தியபடியே மணிக்கணக்கில் வேலை, கால்மேல் கால் போடும் பழக்கம், சட்டென்று நிறைய உடல் எடை குறைந்தது, முழங்காலுக்குக் கீழே இறுக்கமாகப் போட்ட மாவுக்கட்டு: இவற்றில் எதுவானாலும் முழங்காலின் வெளிப்புறம் தோலுக்கடியில் ஓடும் நரம்பை அழுத்தி, பாதத்தைத் தொங்கவைத்துவிடும். முதுகில் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் நசுங்கினாலும் பாதம் தொங்கும். இரண்டையும் பிரிக்க, பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொல்லி நம் கையால் எதிர்த்துப் பார்த்தால் போதும். உள்பக்கம் திருப்பும் பலம் நன்றாக இருந்தால் சிக்கல் முழங்கால் அருகே. அதுவும் தளர்ந்திருந்தால் முதுகைப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் நேராக முதுகு ஸ்கேனுக்குச் சீட்டெழுதுவது நோயாளிக்கு நல்லதில்லை.

காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஆணி குத்தியதுபோல் வலி, பத்து அடி நடந்தால் குறைகிறது என்றால் கோளாறு, உள்ளங்காலில் குதிகாலையும் விரல்களையும் இணைக்கும் தடித்த நார்ப்பட்டையில். காலையில் விரல்கள் இறுகி, அந்த இறுக்கம் ஒரு மணி நேரமானாலும் விடவில்லை, வேலை செய்யச் செய்யத் தளர்கிறது என்றால் அது தேய்மானமாக இருக்க வாய்ப்பு குறைவு. அழற்சி மூட்டுவாதம் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையோடு மருத்துவர் பார்க்க வேண்டும். தேய்மான இறுக்கம் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். தோள்பட்டை ராத்திரி அந்தப் பக்கம் படுக்கவிடாமல் வலித்தால் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளியே திருப்பிப் பார்க்கலாம். அவரால் முடியாமல், அடுத்தவர் திருப்பினால் திரும்புகிறது என்றால் தசைநாண் கோளாறு. யார் திருப்பினாலும் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டால், மூட்டைச் சுற்றிய உறை இறுகிப்போன உறைதோள். உறைதோளை முரட்டுத்தனமாக இழுத்துத் திறக்கப் பார்ப்பது, அதுவும் வலி உச்சத்தில் இருக்கும் முதல் மாதங்களில், கெடுதல்தான்.

தசைநாண் வலியின் கடிகாரம் வேறு. வேலை தொடங்கும்போது வலிக்கும், சூடேறியதும் மறையும், மறுநாள் காலையில் வட்டியோடு திரும்பும். மறைந்ததை நம்பி முழுமூச்சாக உழைப்பதுதான் இதை ஆண்டுக்கணக்கில் இழுத்துவிடுகிறது. முழங்கையின் வெளிப்புற வலிக்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர், ஆனால் வருபவர்களில் அதிகம் பேர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே இருக்கமாட்டார்கள்; ஸ்க்ரூடிரைவர் பிடிப்பவர்கள், துணி பிழிபவர்கள், உள்ளங்கை கீழே பார்க்கும்படி பொருளைத் தூக்குபவர்கள். பொருளை உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்கினால் அந்தத் தசைநாண் மேல் விழும் சுமை குறையும் என்பதைச் செய்துகாட்டினால் உடனே ஒப்புக்கொள்வார்கள். பயிற்சி இப்படி: முன்கை மேசைமேல், மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழே. கையில் எடையோடு மணிக்கட்டை நேராக வைத்து 30 முதல் 45 நொடி அசையாமல் பிடிக்க வேண்டும், ஐந்து முறை, நடுவில் இரண்டு நிமிட இடைவெளி. வலி அடங்க அடங்க, மூன்று நொடி ஏற்றம் மூன்று நொடி இறக்கம் என்று மெதுவான அசைவுக்கு மாறி எடையைக் கூட்டலாம். செய்யும்போது பத்துக்கு மூன்று வரை வலி இருக்கலாம்; 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் அளவு அதிகம், பயிற்சி தவறில்லை. இந்த வித்தியாசம் புரியாமல் பயிற்சியையே கைவிடுபவர்கள் ஏராளம். ஸ்டீராய்டு ஊசி ஆறு வாரத்துக்குச் சொர்க்கம்போல் இருக்கும். ஓராண்டு முடிவில் பார்த்தால், ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தவர்களைவிட ஊசி போட்டவர்கள் பின்தங்கியிருந்தார்கள் என்பதுதான் ஆய்வுகள் காட்டியது. சம்பந்தப்பட்டவர் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

குதிகால் தசைநாணுக்கு 1998இல் சுவீடனில் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் குழு வெளியிட்ட முறை இன்றும் அடித்தளம். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் மேலே ஏறி, வலிக்கும் காலால் மெதுவாக இறங்க வேண்டும். முழங்கால் நேராக 15 தடவை மூன்று சுற்று, லேசாக மடக்கி 15 தடவை மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். நாளுக்கு 180 இறக்கம். எல்லோருக்கும் இவ்வளவு தேவைப்படாது. பத்து நாளில் விட்டுவிட்டு ‘செய்து பார்த்தேன்’ என்பதும் கணக்கில் வராது.

கணுக்கால் சுளுக்கில் நேரம் உடனே பேசிவிடும். அடிபட்ட இடத்திலும் பிறகு பரிசோதனையின்போதும் நாலு அடி ஊன்றி வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்புகளின் பின்விளிம்பில் கடைசி 6 செ.மீ.க்குள் அழுத்தினால் எலும்பே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே வேண்டும். சுண்டுவிரல் பக்கம் நடுப்பாதத்தில் துருத்தும் எலும்பையும், உள்பக்க வளைவின் மேலே உள்ள எலும்பையும் இதேபோல் அழுத்திப் பார்க்க வேண்டும். 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் உருவான இந்த விதிகள் தேவையில்லாத எக்ஸ்ரேக்களை நிறையக் குறைத்திருக்கின்றன. எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் முழு ஓய்வு தேவையில்லை. ஓய்வும் ஐஸும் சேர்ந்த பழைய சூத்திரத்துக்கு 1978இல் பெயர் கொடுத்த அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்கினே பிற்காலத்தில், அவை குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். ஐஸ் வலியை மரக்கவைக்கும், அவ்வளவுதான். துணி சுற்றி 10, 15 நிமிடம், அதுவும் முதல் இரண்டு நாள். உணர்ச்சி குறைந்த தோலில் வைக்கவே கூடாது. கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூடும்படி. கணுக்காலில் மட்டும் இறுக்கிச் சுற்றினால் வீக்கம் பாதத்தில் போய்த் தேங்கும்.

வீக்கம் வடிந்ததும் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிடுவதுதான் சுளுக்கில் நடக்கும் பெரிய தவறு. நார் பலம் பெற மாதங்கள் ஆகும். அதைவிட முக்கியம், பாதம் மடங்கத் தொடங்கும் கணத்தில் வெளிப்பக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்கும் அனிச்சை வேகம் மந்தமாகியிருக்கிறது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கலாம், பிறகு கண்ணை மூடி, பிறகு மெத்தைமேல். ஒற்றைக் காலில் குதித்து ஆடாமல் நிற்க முடிவதற்கு முன்பே விளையாட்டுக்குத் திரும்பினால் அதே கணுக்கால் மறுபடி மடங்கும்.

தொடையில் பலத்த அடி விழுந்து சதைக்குள் இரத்தம் கட்டினால் அழுத்தித் தேய்ப்பதும் சூடு வைப்பதும் முதல் சில நாட்களுக்குக் கூடாது. அந்த இரத்தக்கட்டு எலும்பாக மாறிவிடும் ஆபத்து உண்டு. முழங்காலைப் பொறுக்கும் அளவுக்கு மடக்கியபடி முதல் 24 மணி நேரம் வைத்திருப்பது மடக்கும் அளவைக் காப்பாற்றும்.

முதுகுக்கு வருவோம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகுத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும். காலையில் ஒரு செ.மீ.க்கு மேல் உயரமாக எழுகிறோம், அதில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். பருத்த தட்டு, குனியும்போது அதிகமாக அழுந்தும். எழுந்ததும் குனிந்து பாரம் தூக்குவதைத் தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான். தூரமும் எடைதான். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் தரும் சூத்திரத்தில், எல்லாம் வசதியாக அமைந்தால் ஒருவர் தூக்கலாம் என்பது 23 கிலோ. அதே பெட்டியை உடம்போடு ஒட்டாமல், கணுக்கால்களிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் பாதி, பதினொன்றரை. அதோடு உடம்பைப் பக்கவாட்டில் 90 டிகிரி திருப்பினால் எட்டு கிலோதான். முதுகை நேராக வை, முழங்காலை மடக்கு என்ற சுவரொட்டிகளைவிட, பெட்டிக்கும் வயிற்றுக்கும் இடையில் எத்தனை செ.மீ. என்று டேப்பால் அளந்துகாட்டுவது வேலையிடத்தில் நன்றாக எடுபடுகிறது.

திடீர் இடுப்பு வலியில் பெரும்பாலானவை ஆறு வாரத்துக்குள் தணியும். படுக்கை ஓய்வு ஓரிரு நாளுக்கு மேல் நல்லதல்ல. ஆனால் உட்காரும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் நின்றால் அல்லது தன்னறியாமல் போனால், இரண்டு கால்களும் ஒருசேரத் தளர்ந்தால் அதற்கு வாரக் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். அன்றைக்கே அவசரப் பிரிவு. காய்ச்சலோடு முதுகு வலி, படுத்தாலும் எழுந்தாலும் விடாத ராத்திரி வலி, காரணமில்லாத எடைக் குறைவு இவையும் பயிற்சி மேசைக்கு உரியவை அல்ல.

முதல் சந்திப்பின் முடிவில் எல்லோரிடமும் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். மூன்று கட்டம் போதும்: எத்தனை மணிக்கு வலித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அடங்க எவ்வளவு நேரமானது. முதல் இரண்டும் ஒழுங்காக நிரம்பி வரும். பயிற்சியின் அளவைத் தீர்மானிக்க உதவும் மூன்றாவது கட்டம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும்.