கேட்டர்ஹாமில் மச்சான் பேசுவது கேட்க வேண்டுமே

என் கேட்டர்ஹாம் செவன் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அதற்குக் கூரையும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் ரேஸ் டிராக்கில் பேடாக் ஹில் வளைவை நெருங்கும்போது பக்கத்தில் இருக்கும் மச்சான் "இன்னும் பிரேக்கை விடாதே" என்று கத்துவான். என் காதுக்கு வந்து சேர்வது வெறும் இரைச்சல்தான்.

முதலில் ஹெல்மெட்டில் மாட்டியது, பைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் புளூடூத் இன்டர்காம். குரலைக் கேட்டால் தானாகத் திறக்கும் மைக் அது. இங்கே காற்றையே குரல் என்று நினைத்துக்கொண்டு மூடவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் ரேலிக்காரர்கள் வைத்திருப்பது போல ஒயர் இன்டர்காம் செட்டுக்கு மாறினோம். அதன் மைக்கில் முன்னும் பின்னும் துளைகள். தூரத்துச் சத்தம் இரு பக்கமும் ஒரே அளவில் மோதி அடிபட்டுப் போகும். வாயருகே வரும் குரல் ஒரு பக்கம் மட்டும் பலமாக விழும். அதனால் மைக்கின் பஞ்சு உதட்டைத் தொட்டே ஆக வேண்டும். ஒரு விரல் தள்ளிப்போனாலும் காரியம் கெட்டது. சரியான பக்கம் வாயைப் பார்க்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் ஸ்பீக்கருக்கு வால்யூம் ஏற்றுவது வீண், காதுக்கும் கேடு. காதை அடைக்கும் பஞ்சுமுனை இயர்போன் போட்டால் வெளிச்சத்தம் குறையும், குறைந்த வால்யூமே போதும்.

இன்டர்காமுக்குக் கார் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்தபோது, எஞ்சின் வேகம் ஏற ஏற, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் கீச்சுச் சத்தமும் கூடவே ஏறியது. தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி போட்டதும் போய்விட்டது.

அழுத்தினால் மைக் திறக்கும் பேச்சு பட்டனை மச்சான் கையில் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஸ்டியரிங்கே போதும்.