பாண்டின் மனைவியும் ஆறு நடிகர்களும்

அக்டோபர் 5, 2025

1962இல் இதே தேதியில்தான் முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’ லண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமா வந்திருந்தார். ரசத்துக்கு வருவதற்குள் பேச்சு வழக்கமான இடத்துக்குப் போய்விட்டது: ஆறு பேரில் யார் நிஜமான பாண்ட்?

மாமாவுக்கு ஷான் கானரியைத் தவிர யாரும் பாண்டே கிடையாது. “சீட்டாட்ட மேஜையில சிகரெட்டைப் பத்த வச்சுக்கிட்டே பேரைச் சொன்னான் பாரு, அங்கேயே முடிஞ்சு போச்சும்மா. மத்தவன்லாம் அந்தக் கோட்டை வாங்கிப் போட்டுக்கிட்டவன்” என்றார். ஜெய்சங்கரைத் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்று கொண்டாடிய தலைமுறை அவருடையது. அந்தப் பட்டத்துக்கு அளவுகோல் கானரிதானே!

அக்கா மகன் விடவில்லை. “தாத்தா, டேனியல் க்ரெய்க் அடி வாங்கினா அவருக்கு வலிக்குது. உங்க ஆளுக்குத் தலைமுடிகூடக் கலையாது.”

கோட்டு, நடை, சண்டை என்று பேசினால் இந்த வழக்கு தீரவே தீராது. நான் வேறு ஒரு கேள்வி வைத்தேன். பாண்டின் மனைவி செத்ததை எந்த நடிகர் எப்படிச் சுமந்தார்?

“பாண்டுக்குக் கல்யாணம் ஆச்சா சித்தி?” என்று கேட்டான். அப்படியானால் 1969இலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அக்டோபர் 6

‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ பார்த்தோம். ஜார்ஜ் லேசன்பி ஆஸ்திரேலியாக்காரர், கார் விற்றவர், விளம்பர மாடல். சினிமாவில் நடித்த அனுபவமே இல்லாத 29 வயது ஆளைக் கானரியின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வசனத்தில் தடுமாறுகிறார், அதை மறைப்பானேன். சண்டையில் மட்டும் உடம்பு பேசுகிறது. ஷில்ட்ஹார்ன் மலையுச்சியில் எடுத்த பனிச்சறுக்குத் துரத்தல் இன்றைக்கும் மூச்சு வாங்க வைக்கிறது.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். போர்ச்சுகலில் கல்யாணம் முடிந்து பாண்டும் அவன் மனைவி ட்ரேசியும் காரில் கிளம்புகிறார்கள். காரில் சுற்றியிருக்கும் பூவை எடுத்துப் போட வழியில் நிறுத்துகிறான். ஒரு கார் கடந்து போகிறது, சரமாரியாகக் குண்டுகள். பாண்ட் ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் பக்கத்தில் பார்க்கிறான். ட்ரேசியாக நடித்த டயானா ரிக் தலை சாய்ந்து கிடக்கிறார். மோட்டார் சைக்கிளில் வந்த போலீஸ்காரரிடம், அவள் கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள், அவசரமில்லை, எங்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது என்கிறான். கண்ணாடியில் குண்டு துளைத்த ஓட்டையோடு படம் முடிகிறது.

முதல் டேக்கில் தான் அழுததாகவும், பாண்ட் அழ மாட்டான் என்று இயக்குநர் பீட்டர் ஹண்ட் மறுபடி எடுத்ததாகவும் லேசன்பி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஹண்ட் எடுத்த முடிவு சரி. அழுகை வராத அந்தக் குரல்தான் நெஞ்சை அடைக்கிறது. இந்த ஒரு காட்சிக்காக லேசன்பியைக் கேலி செய்பவர்களோடு நான் சண்டை போடத் தயார். படம் வருவதற்கு முன்பே, இனி பாண்டுக்குக் காலம் இல்லை என்ற ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்டு விலகிவிட்டார். அவருக்கு இரண்டாவது படம் கிடைத்திருந்தால் அதில் துக்கம் இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அக்டோபர் 8

1971, ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’. 12.5 லட்சம் டாலர் கொடுத்துக் கானரியைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். அந்தப் பணத்தை அவர் ஸ்காட்லாந்தில் ஒரு கல்வி அறக்கட்டளைக்குக் கொடுத்தார், அது பெரிய மனசு. ஆனால் படத்தில் ட்ரேசியின் பேரே வரவில்லை. ஆரம்பத்தில் வில்லன் ப்ளோஃபெல்டைத் தேடி ஊர் ஊராக ஆட்களை அடிக்கிறார், அவ்வளவுதான்.

மாமாவுக்குப் போன் போட்டேன். “எதுக்கு அவனைத் தேடுறான்? பொண்டாட்டியக் கொன்னதுக்குத்தானே?” என்றார். வாதம் நல்ல வாதம். ஆனால் கானரியின் முகத்தில் அது இல்லையே மாமா.

அக்டோபர் 11

ரோஜர் மூர் நாள். ஏழு படம் பண்ணியவரைச் சிரிப்புப் பாண்ட் என்று ஒதுக்குவது ரசிகர்களிடம் வழக்கமாகிவிட்டது. ‘ஆக்டோபுஸி’யில் நம் சென்னை விஜய் அமிர்தராஜோடு உதய்ப்பூரில் ஆட்டோவில் பறப்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இன்று பார்த்தது வேறு.

‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’, 1977. கெய்ரோவில் ஒரு மதுக்கூடம். ரஷ்ய உளவாளி அன்யா அவனுடைய வரலாற்றை ஒப்பிக்கிறாள். ஒரே ஒரு கல்யாணம், மனைவி கொல்லப்பட்டாள் என்று சொல்லும்போது மூர் வெட்டிவிடுகிறார். சில நொடிகள்தான். அந்தப் புன்னகை அணைந்ததை அக்கா மகன் கவனிக்கவில்லை. ரீவைண்ட் பண்ணிக் காட்டினேன்.

பிறகு 1981இன் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’. முதல் காட்சியே கல்லறைத் தோட்டம். கல்லில் ட்ரேசியின் முழுப்பேர், தெரேசா பாண்ட், 1943–1969 என்று செதுக்கியிருக்கிறது. மூர் ரோஜாப் பூக்களை வைத்துவிட்டு நிற்கிறார். இந்தப் படத்துக்குப் புது நடிகர் வரலாம் என்ற பேச்சு அப்போது இருந்தது. யார் வந்தாலும் இவன் அதே ஆள்தான் என்று காட்டக் கல்லறையை முதலில் வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அது முக்கியம். அந்தப் படத்தின் இயக்குநர் ஜான் க்ளென் 1969 படத்துக்கு எடிட்டர். ட்ரேசி சாகும் காட்சியை வெட்டி ஒட்டிய கை, பன்னிரண்டு வருஷம் கழித்துப் பூ வைக்கிறது. நடிகர்களை எடை போடும் ரசிகர்கள் யாரும் இந்த மனுஷரைப் பேசுவதில்லை.

அக்டோபர் 12

தூக்கம் வராமல் ‘லைசென்ஸ் டு கில்’லை இரவே பார்த்து முடித்தேன். 1989. இயக்குநர் அதே ஜான் க்ளென், பாண்ட் திமோதி டால்டன். அறுபதுகளின் கடைசியில் இந்த வேடத்துக்குப் பேசியபோது, தனக்கு வயது போதாது என்று டால்டன் விலகிக்கொண்டார். லேசன்பி நின்ற இடத்தில் அவர் நின்றிருக்கலாம்.

நண்பன் ஃபெலிக்ஸின் கல்யாணம். மணப்பெண் டெல்லா, காலில் கட்டியிருந்த ரிப்பன் பட்டையைப் பாண்டிடம் எறிகிறாள். பிடிப்பவருக்கு அடுத்து கல்யாணம் என்பது அவர்கள் வழக்கம். டால்டன் பிடித்துவிட்டுச் சிரிக்கப் பார்க்கிறார், முடியவில்லை, விடைபெற்றுக் கிளம்புகிறார். என்ன ஆச்சு என்று டெல்லா கேட்க, அவனுக்கு ஒருமுறை கல்யாணம் ஆகியிருந்தது, ரொம்ப நாளைக்கு முன்பு என்கிறான் ஃபெலிக்ஸ். ட்ரேசியின் பேர் சொல்லப்படவில்லை. தேவையும் இல்லை.

அதே இரவில் டெல்லாவைக் கொன்று, ஃபெலிக்ஸைச் சுறாவுக்குப் போடுகிறார்கள். மறுபடியும் ஒரு புது மணப்பெண். பாண்ட் வேலையையே உதறிவிட்டுப் பழிவாங்கப் போவது ஃபெலிக்ஸுக்காக மட்டும்தானா? 1969இல் தீர்க்காத கணக்கும் அதில் இருக்கிறது. டால்டனின் கண்ணில் அது கடைசிவரை ஓடுகிறது. முடிவில் வில்லன் பெட்ரோலில் நனைந்து நிற்கும்போது, மாப்பிள்ளைத் தோழனுக்குப் பரிசாக டெல்லாவும் ஃபெலிக்ஸும் கொடுத்த லைட்டரை எடுத்துக் காட்டுகிறார். வசனம் ஒன்றிரண்டுதான். உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்தக் கோடையில் ‘பேட்மேன்’ அலையில் படம் அமெரிக்காவில் அமுங்கிப் போனது. பிறகு வழக்கு, ஆறு வருஷ இடைவெளி. டால்டன் இரண்டே படத்தோடு போய்விட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்டோபர் 15

பியர்ஸ் பிராஸ்னன். ‘தி வேர்ல்ட் இஸ் நாட் எனஃப்’பில் எலெக்ட்ரா என்ற பெண் கேட்கிறாள், நெருங்கியவர் யாரையாவது இழந்திருக்கிறாயா என்று. ஒரு சின்ன மௌனம், உடனே பேச்சை மாற்றுகிறார். முன்பு இதைச் சாதாரணமாகக் கடந்திருக்கிறேன். பிராஸ்னனின் மனைவி கசாண்ட்ரா ஹாரிஸ், மூரின் அந்தக் கல்லறைப் படத்தில் லிஸ்ல் என்ற பாத்திரத்தில் நடித்தவர். 1991இல் புற்றுநோயில் இறந்தார். இது தெரிந்த பிறகு அந்த மௌனத்தை வேறு மாதிரி பார்க்க முடியவில்லை. அவருக்குக் கொடுத்த திரைக்கதைகள் அந்த இடத்தில் நிற்க விடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

க்ரெய்கின் கதையில் ட்ரேசி கிடையாது, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. அவர் சுமப்பது காதலி வெஸ்பரை. ‘கேசினோ ராயல்’ குளியலறையில் உடுப்போடு நனைந்து நடுங்கும் அவளருகே, தானும் சட்டையோடு உட்காருவது இந்தத் தொடரிலேயே அன்பான காட்சி. ஆனால் ‘நோ டைம் டு டை’ 1969இன் இசையையும், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பாட்டையும் எடுத்துக்கொள்கிறது. “அந்தப் பாட்டு இங்கிருந்தா வந்துச்சு?” என்று அக்கா மகன் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அக்டோபர் 20

தீபாவளி. மாமா வீட்டில் எல்லோரும். என் தீர்ப்பைச் சொன்னேன்: டால்டன் முதலில், அடுத்து க்ரெய்க், அவர்களுக்கு ஒரு படி கீழே மூர். லேசன்பிக்கு அந்தக் கடைசிக் காட்சி ஒன்றுக்காகத் தனி இடம். கானரி ஸ்டைலில் முதல்வர், இந்தக் கேள்வியில் கிடையாது.

“அப்போ நீ கேள்வியையே உனக்குத் தோதா வச்சுக்கிட்டே” என்றார் மாமா. ஆமாம், வைத்துக்கொண்டேன். துப்பாக்கி பிடிக்க நூறு நடிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது இழப்பு தெரிந்த முகம்.

அடுத்த பாண்ட் யாரென்று இன்னும் அறிவிக்கவில்லை. பிப்ரவரியில் படைப்பு உரிமை அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போனது. டெனி வில்நேவ் இயக்குகிறார், ஸ்டீவன் நைட் எழுதுகிறார். அக்கா மகன் ஒரு பேர்ப் பட்டியலே வைத்திருக்கிறான். நான் நைட் என்ன எழுதப்போகிறார் என்றுதான் காத்திருக்கிறேன். மாமா அடுத்த வாரம் ‘லைசென்ஸ் டு கில்’ பார்ப்பதாக ஒப்புக்கொண்டார், பதிலுக்கு நாங்கள் இருவரும் அவரோடு உட்கார்ந்து ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ பார்க்க வேண்டும். ரயில் பெட்டிச் சண்டையைப் பற்றி இப்போதே ஆரம்பித்துவிட்டார்.