நிமிர்ந்து நிற்கும் ரோமன்

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் சென்னை நிறுவனம் ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். திருத்தங்களோடு ஒரு புரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் படி, வந்தது. சாய்ந்த எழுத்தில் இருந்த சில சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு. ஓரத்தில் வட்டத்துக்குள் 'ரோம்' என்று சுருக்கக் குறி. ரோமன் என்பது புரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே ரோமன், டைம்ஸ் நியூ ரோமன். கோடிட்ட சொற்களையெல்லாம் அந்த ஃபாண்ட்டுக்கு மாற்றி அனுப்பிவிட்டேன்.

புத்தகம் முழுக்க கேரமாண்ட் என்ற வேறொரு ஃபாண்ட். ஒரே பாயின்ட் அளவிலும் டைம்ஸின் சின்ன எழுத்துகள் அதைவிடப் பெரிதாகத் தெரியும். வெளுத்த வேட்டியில் புதுத்துணி ஒட்டுப்போட்டது போலப் பக்கமெங்கும் திட்டுத்திட்டாக இருந்தது. போதாக்குறைக்கு, சாய்வும் அப்படியே இருந்தது.

ஈய எழுத்து காலத்திலிருந்து பிழை திருத்திவந்த பெரியவர் ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். திட்டவில்லை. "தம்பி, ரோமன்னா ஃபாண்ட் பேரு இல்லப்பா. இட்டாலிக் சாஞ்சு ஓடும், ரோமன் நிமிந்து நிக்கும். அவ்வளவுதான்" என்றார்.

டைம்ஸ் நியூ ரோமனிலும் அதே பொருள்தான் என்பது பிறகுதான் உறைத்தது. 1932இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் தனக்கென்று செய்துகொண்ட புதிய நேரெழுத்து அது. அப்படிப் பார்த்தால், 'டைம்ஸ் நியூ ரோமன் இட்டாலிக்' என்பது படுத்துக்கொண்டே நிற்பவன் கதைதான். நிமிர்ந்த எழுத்துக்கு ஏன் ரோமன் என்று பெயர்? இத்தாலிய அச்சர்கள் பெரிய எழுத்துகளுக்குப் பழைய ரோமானியக் கல்வெட்டுகளை மாதிரியாகக் கொண்டார்கள். சின்ன எழுத்துகளின் வேர் ரோமில் இல்லை. ஐரோப்பியப் பேரரசர் சார்லமேன் காலத்துக் கையெழுத்தில் இருக்கிறது. 1470இல் வெனிஸில் நிக்கோலா ஜென்சன் வார்த்த ரோமனை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். அதே ஊரில் 1501இல் ஆல்டஸ் மனூஷியஸ் இட்டாலிக்கில் ஒரு முழுப் புத்தகத்தையே அச்சிட்டார்.

அடுத்த அடி திருச்சபை வரலாறு ஒன்றில் விழுந்தது. அந்தப் பதிப்பகத்தின் நடைவிதிப்படி ரோமன் எண்களுக்குச் சின்ன 'ஆர்' போட வேண்டும். நான் 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தேன். ரோமப் பேரரசு, ரோமன் கத்தோலிக்கர், ரோமானியக் குடிமக்கள், எல்லாருக்கும் ஒரே சொடுக்கில் தலை போயிற்று. ஆங்கிலத்தில் ஊரைச் சொல்கிறோமா, எழுத்தின் நிலையைச் சொல்கிறோமா என்பதைப் பல சமயம் அந்த ஒரு பெரிய எழுத்துதான் காட்டிக்கொடுக்கும். அன்று இரவு ஒவ்வொன்றாகத் தேடித்தேடித் தலையைத் திரும்ப ஒட்டினேன்.

'ரோமன் ஆ க்ளே' என்ற பிரெஞ்சுத் தொடர் வந்தபோது கொஞ்சம் உஷாராகியிருந்தேன். நிஜ மனிதர்களைப் பெயர் மாற்றி உலவவிடும் நாவல் அது. அந்த ரோமனுக்குப் பொருள் நாவல். லத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய மொழியில் சொன்ன கதைகளுக்கு வந்த பெயர் அது. 'ரொமான்ஸ்' இதற்கு ஒன்றுவிட்ட தங்கை. இதை ரோமனில் விடலாமா, இட்டாலிக் ஆக்கவா என்று ஆசிரியருக்குக் கேள்வி எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ரோமனை ரோமனிலேயே விடச் சொன்னார்.

சமீபத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் வந்தது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லையே கிடையாது. அதுவே அன்று தொல்லையாகிவிட்டது. சாய்வில் இருந்த ஒரு வெளிநாட்டுப் பெயருக்கு எதிரே ஆசிரியர் 'ரோமனில் போடவும்' என்று எழுதியிருந்தார். ஆங்கில எழுத்துகளுக்கும் ரோமன் என்றுதானே பெயர். புதிதாகச் சேர்ந்த பெண் படியை என் மேசைக்குக் கொண்டுவந்தாள். "ஏ, பி, சி, டில போடணுமா சார், இல்ல நிமித்தணுமா?"

எனக்கும் தெரியவில்லை. ஆசிரியருக்குப் போன் போட்டோம்.

"ரெண்டும்தாங்க" என்றார்.